கரும்பலகையின் இரு பக்கங்கள்: ஜான்னி ரொதாரியின் எழுத்தும் வகுப்பறையும்

பெரியவர்களுக்கென எழுதப்படும் நூலை வாசகர் தாமே தேர்ந்து, தாமே வாங்கி, தாமே படிக்கிறார். குழந்தைகளுக்கென எழுதப்படும் நூலின் நிலை வேறு. அதைத் தேர்வதும் பெரியவர், வாங்குவதும் பெரியவர், பல வேளைகளில் வாசித்துக் காட்டுவதும் பெரியவரே. ஆகவே குழந்தை எழுத்தாளர் ஒவ்வொருவரும் இருவகை வாசகரை எதிர்கொள்கிறார். குழந்தையை மட்டும் கவர்ந்தால் நூல் பெரியவரின் ஐயத்துக்கு உள்ளாகிறது. ஆசிரியரை மட்டும் கவர்ந்தால் நூல் பாடமாகிவிடுகிறது. இவ்விரு சாராரையும் ஒரே விளையாட்டில் சேர்த்துக்கொண்டவர் இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரொதாரி (1920–1980). அவருடைய நூல்களை மதிப்பிடுவதோடு, கத்தோலிக்க வாசகராகிய நமக்கு அவர் வாழ்வு எழுப்பும் வினா ஒன்றையும் இங்கு ஆராய விழைகிறோம்.

குருமடமும் செய்தித்தாளும்

வட இத்தாலியில் ஓர்த்தா ஏரிக்கரையிலுள்ள ஓமெஞ்ஞா என்னும் ஊரில், 1920 அக்டோபர் 23 அன்று, ரொட்டி சுட்டு விற்பவர் ஒருவரின் மகனாக ரொதாரி பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். செவேசோ குருமடத்தில் சில காலம் பயின்று, பின் அங்கிருந்து வெளியேறி, 1937இல் ஆசிரியர் தகுதிச் சான்று பெற்றார். இளமையில் கத்தோலிக்க இளைஞர் இயக்கத்திலும் உழைத்தவர் அவர்.

1937–38 குளிர்காலத்தில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் இத்தாலிய மொழி கற்பித்தார். இத்தாலியில் தங்களுக்குப் புகலிடம் கிடைத்துவிட்டதென அக்குடும்பத்தினர் நம்பியிருந்தனர். 1938இல் முசோலினியின் அரசு பிறப்பித்த இனவெறிச் சட்டங்கள் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கின. அக்காலத்தில்தான் ஜெர்மானியக் கவிஞர் நொவாலிசின் சிந்தனைத் துணுக்குகளில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. சிந்தனைக்கு அளவையியல் இருப்பது போலக் கற்பனைக்கும் ஓர் இயல் வேண்டும் என்ற கருத்து அவர் நெஞ்சில் ஊன்றியது. அது முளைத்து மரமாக முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

பின் அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியரானார். தாம் நல்ல ஆசிரியராக இருந்ததில்லை என்றும், ஆனால் சலிப்பூட்டும் ஆசிரியராகவும் இருந்ததில்லை என்றும் பிற்காலத்தில் அவரே குறிப்பிட்டார். போர் வந்தது. நெருங்கிய நண்பர் இருவர் மாண்டனர். உடன்பிறந்த ஒருவர் ஜெர்மானிய முகாமில் அடைபட்டார். 1944இல் ரொதாரி பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். போருக்குப் பின் அக்கட்சியின் நாளிதழான ‘உனித்தா’வில் பணியாற்றியபோது, குழந்தைகள் பகுதிக்கு எழுதும் வேலை அவரிடம் வந்து சேர்ந்தது. 1950இல் ‘பியோனியேரே’ என்னும் சிறுவர் வார இதழின் பொறுப்பை ஏற்றார்.

இங்கேதான் திருச்சபையோடு உரசல் எழுந்தது. 1949 சூலையில் உரோமைப் பேராயம், பொதுவுடைமைக் கோட்பாட்டை ஏற்று அறிக்கையிடுவோர் திருச்சபைக்குப் புறம்பானவர் என ஆணை பிறப்பித்திருந்தது. கத்தோலிக்கச் சிறுவருக்கென ‘வித்தோரியோசோ’ என்னும் வார இதழ் 1937 முதல் வந்துகொண்டிருந்தது. கட்சி சார்ந்த ‘பியோனியேரே’யைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாகாதெனப் பங்குகளில் எச்சரிக்கப்பட்டது. 1951இல் ரொதாரி எழுதிய ‘பியோனியேர் கையேடு’ கத்தோலிக்க வட்டாரங்களில் கடுங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. குருமடத்தில் பயின்ற ஒருவர், குழந்தைகளை நெறிபிறழச் செய்பவராகப் பேசப்படும் நிலை வந்தது.

அந்த அச்சத்தை முற்றிலும் ஆதாரமற்றதென நாம் ஒதுக்கிவிட இயலாது. அவ்விதழ் ஓர் அரசியல் இயக்கத்தின் கருவியாகவே தொடங்கப்பட்டது. பிள்ளைகளின் உள்ளத்தை யார் உருவாக்குவது என்பதில் அன்று இருதரப்பும் போட்டியிட்டன. எனினும், ஓர் எழுத்தாளரை அவர் நின்ற அணியை வைத்து மட்டுமே அளந்துவிடலாமா? நூல் குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதையன்றோ நாம் பார்க்க வேண்டும்? இந்த அளவுகோலோடு ரொதாரியின் நூல்களை அணுகுவோம்.

வெங்காயச் சிறுவன்

1951இல் நூலாக வந்த ‘சிப்பொல்லீனோவின் கதை’ அவருக்குப் புகழ் தேடித் தந்த முதற் பெரும்படைப்பு. சிப்பொல்லீனோ ஒரு வெங்காயச் சிறுவன். எலுமிச்சை இளவரசனின் காலைத் தவறுதலாக மிதித்துவிட்ட குற்றத்துக்காக அவன் தந்தை சிறையில் தள்ளப்படுகிறார். தந்தையை மீட்கப் புறப்படும் சிறுவன் தக்காளிப் பிரபுவையும் அவனைச் சேர்ந்தோரையும் எதிர்க்கிறான். ஏழைக் காய்கனிகளை ஒன்று சேர்க்கிறான். இறுதியில் கொடுங்கோன்மை வீழ்கிறது. அரண்மனை குழந்தைகளுக்கு உரியதாகிறது. சோவியத் நாட்டில் இக்கதை பெற்ற செல்வாக்கு மிகப் பெரிது. 1961இல் அங்கே அது கேலிச்சித்திரப் படமாயிற்று. 1974இல் பாலே நடனமாகவும் மேடையேறியது.

நகைச்சுவையும் விரைவும் மிக்க கதை இது. சமையற்கட்டில் நாள்தோறும் காணும் காய்களுக்கு உயிர் கொடுத்திருப்பது குழந்தைக்கு இன்பம் தரும். தன்னை உரிப்பவர் கண்ணைக் கலங்க வைக்கும் வெங்காயமே ஏழையின் பக்கம் நிற்பது நல்ல கற்பனை. ஆயினும் இந்நூலில் ஒரு குறையை நாம் காண்கிறோம். தீயோர் அனைவரும் தொடக்கத்திலேயே தீயோர். நல்லோர் அனைவரும் தொடக்கத்திலேயே நல்லோர். யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். குழந்தை கைதட்டலாம், சிரிக்கலாம். மறுத்துப் பேச இடமில்லை. நீதிக்கதைகளை எழுதிய பலரும் செய்ததையே, வேறு நீதியை வைத்து ரொதாரியும் செய்திருக்கிறார். அவருடைய அன்றைய எதிர்ப்பாளர்கள் இக்குறையைச் சுட்டியிருந்தால் அது நேரிய திறனாய்வாக இருந்திருக்கும். அவர்களோ கட்சிச் சின்னத்தைக் கண்டதும் நூலை மூடிவிட்டனர். மூடியதால், அதன்பின் வந்த ரொதாரியைக் காணும் வாய்ப்பையும் இழந்தனர்.

பேரக்குழந்தை திருத்தும் கதை

1960இல் ‘வானிலும் மண்ணிலும் சிறுவர் பாடல்கள்’ வெளிவந்தது. 1962இல் ‘தொலைபேசிக் கதைகள்’ வந்தது. ஊர் ஊராகச் சென்று வணிகம் செய்யும் தந்தை ஒருவர், ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்குத் தம் மகளைத் தொலைபேசியில் அழைத்துக் கதை சொல்கிறார். வெளியூர் அழைப்புக்குக் கட்டணம் மிகுதியாதலால் கதைகள் சிறியனவாக இருக்கின்றன. இந்தப் பின்னணியே அவர் எழுத்தில் நிகழ்ந்த மாறுதலுக்குச் சான்று. மேடையிலிருந்து பேசிய குரல், ஒரே ஒரு குழந்தையின் காதருகே வந்துவிட்டது.

இத்தொகுதியில் நம் கருத்துக்கு இன்றியமையாத கதை ஒன்றுண்டு. தாத்தா ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டே பேத்திக்குக் கதை சொல்கிறார். யாவரும் அறிந்த சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் கதையே அது. ஆனால் முக்காட்டின் நிறத்தை மாற்றிச் சொல்கிறார். ஓநாய் வரவேண்டிய இடத்தில் வேறொரு விலங்கைக் கொண்டுவருகிறார். ஒவ்வொரு முறையும் குழந்தை குறுக்கிட்டுத் திருத்துகிறது. இறுதியில் குழந்தை இனிப்பு வாங்கக் காசு பெற்றுப் போகிறது. தாத்தா செய்தித்தாளுக்குத் திரும்புகிறார்.

தாத்தா தவறிச் சொன்னது கவனமின்மையாலா, அல்லது வேண்டுமென்றேயா? ரொதாரி விடை கூறவில்லை. எப்படியாயினும் விளைவு ஒன்றே: கதையைக் காக்கும் பொறுப்பு குழந்தையிடம் வந்துவிட்டது. பெரியவர் தவறும்போது குழந்தை ஆசிரியராகிறது. சிப்பொல்லீனோவில் கைதட்ட மட்டுமே இடம் பெற்றிருந்த வாசகர், இங்கே கதைக்குள் நுழைந்து அதிகாரத்தோடு பேசுகிறார். ரொதாரியின் வளர்ச்சியை இவ்விரு நூல்களுக்கும் இடைப்பட்ட தொலைவிலேயே நாம் அளக்கிறோம்.

1964இல் வெளியான ‘பிழைகளின் நூல்’ இதே வழியில் மேலும் ஒரு படி செல்கிறது. இத்தாலிய மொழியில் ‘லாகோ’ என்றால் ஏரி. ‘ஆகோ’ என்றால் ஊசி. முதலெழுத்தை அடுத்து மாணவன் ஒருவன் தவறாக ஒரு மேற்புள்ளி இட்டுவிட, ஏரி ஊசியாகிவிடுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்க வேண்டிய இடத்தில் ரொதாரிக்கு ஒரு பாடல் கிடைக்கிறது. இதன் சுவையை நம் மொழியில் உணர விரும்புவோர் ‘மழை’க்கும் ‘மலை’க்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்கலாம். “நேற்று எங்கள் ஊரில் மலை பெய்தது” என ஒரு பிள்ளை எழுதிவிட்டால், அந்த ஊரில் எத்தகைய குடை வேண்டும், கூரைகள் என்னவாகும், மலை நின்ற பின் தெருவில் என்ன தேங்கும் எனக் கேட்டுப் பாருங்கள். வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்த பிள்ளை அந்த ழகரத்தை மறவாது. பிழை திருத்தப்படுகிறது, பிழை செய்த பிள்ளை நாணித் தலை குனியவில்லை. மொழியறிவையும் மாண்பையும் ஒருங்கே காக்கும் வழி இது.

உரோமையின் ஓரத்தில் ஒரு வகுப்பு

உரோமை நகரின் தென்மேற்கு ஓரத்தில் துருல்லோ என்னும் குடியிருப்பு உள்ளது. பாசிச ஆட்சிக் காலத்தில் எழுப்பப்பட்ட எளியோர் குடியிருப்பு அது. அங்குள்ள கொல்லோதி தொடக்கப் பள்ளியில் பிஜியாரெத்தி என்னும் ஆசிரியை நடத்திய வகுப்புக்கு 1960களின் முற்பகுதியில் ரொதாரி சென்றார். எழுத்தாளர் பள்ளிக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம்: மாலை, வரவேற்பு, ஓர் உரை, சில கேள்விகள், கையெழுத்து. துருல்லோவில் நடந்தது வேறு. ரொதாரி ஒரு கதைக்கான எண்ணத்தோடு வந்தார். அதை மாணவரோடு சேர்ந்து வளர்த்தார். அக்கதை 1964இல் சிறுவர் இதழொன்றில் தொடராகவும், 1966இல் ‘வானத்தில் ஒரு கேக்’ என்னும் நூலாகவும் வந்தது.

துருல்லோவின் வானில் ஒரு நாள் வட்டமான பெரும்பொருள் ஒன்று தோன்றுகிறது. வேற்றுக்கோளிலிருந்து வந்த படையெடுப்போ என அதிகாரிகள் நடுங்குகின்றனர். தளபதிகள் கூடுகின்றனர், அறிஞர்கள் வாதிடுகின்றனர். பவுலோ, ரீத்தா என்னும் இரு சிறாரே உண்மையைக் கண்டறிகிறார்கள்: அது ஒரு மாபெரும் கேக்! அணுகுண்டுச் சோதனையில் ஏற்பட்ட பிழையால் விளைந்தது அது. பெரியவர்கள் அஞ்சி நிற்கக் குழந்தைகள் அதை உண்டு முடிக்கிறார்கள்.

இக்கதை பிறந்த ஆண்டுகளை நாம் மறக்கலாகாது. 1962 அக்டோபரில் கியூபாவை முன்னிட்டு உலகம் அணுப்போரின் விளிம்புக்குச் சென்று மீண்டது. 1963 ஏப்ரலில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் ‘உலகில் அமைதி’ என்னும் சுற்றுமடலை நன்மனமுடைய மாந்தர் அனைவர்க்கும் எனப் பெயரிட்டு வெளியிட்டார். நன்மனமுடையோர் எந்த அணியில் இருந்தாலும் அவர்களோடு பேசத் திருச்சபை முன்வந்த காலம் அது. அதே நகரின் ஓர் ஓரத்தில், பொதுவுடைமையாளர் ஒருவர் ஏழைப் பிள்ளைகளோடு அமர்ந்து, குண்டு கேக்காக மாறும் கதையைப் பின்னிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே அச்சத்துக்கு விடை தேடினர்.

கலை நோக்கில் பார்த்தாலும் இக்கதை சிப்பொல்லீனோவை விட உயர்ந்தது. இங்கே தீயோர் எனத் தனியாக ஒருவரும் இல்லை. தளபதிகள் கொடியவர் அல்லர், அஞ்சியவர்கள். அறிஞர் தீங்கு எண்ணியவர் அல்லர்; தம் தவற்றை ஒப்புக்கொள்ளத் தயங்கியவர். குழந்தைகளின் வலிமை வீரத்தில் இல்லை. கண்ணால் கண்டதை நம்பும் எளிமையில் இருக்கிறது. இத்தகைய நுட்பம் அவருக்கு எங்கிருந்து வந்தது? எதிரே உண்மையான குழந்தைகள் அமர்ந்திருந்ததால் வந்தது என்பது நம் துணிபு. கற்பனையில் வரும் வாசகர் எழுத்தாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். வகுப்பறைப் பிள்ளையோ, “அது எப்படி?” என்று கேட்டுவிடும்.

1971இல் வந்த ‘விளையாடப் பல கதைகள்’ இந்த உறவை நூலின் அமைப்பிலேயே பொருத்தியது. வானொலி நிகழ்ச்சியொன்றில் பிறந்த இருபது கதைகள் அவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிவுகள். வாசகர் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளலாம். மூன்றும் பிடிக்கவில்லையெனில் தாமே ஒன்றைப் படைக்கலாம். தமக்கு எம்முடிவு உகந்தது, ஏன் உகந்தது என்பதை ஆசிரியர் நூலின் இறுதியில் கூறுகிறார். தமக்கெனக் கருத்து இல்லாதவர் போல் அவர் நடிக்கவில்லை. தம் கருத்தைக் கடைசியில் வைக்கும் பண்பு அவரிடம் இருந்தது. 1951க்கும் 1971க்கும் இடையே அவர் கடந்து வந்த வழி இதுவே. 1970இல் குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் பதக்கமும் அவருக்குக் கிடைத்திருந்தது.

ஆசிரியர்களுக்கென ஒரு நூல்

எழுத்தாளர் ஒரு நாள் வந்து போகிறார். ஆசிரியர் நாள்தோறும் அங்கே இருக்கிறார். எழுத்தாளர் மூட்டிய தீ அணையாமல் இருக்க வேண்டுமெனில் விறகு ஆசிரியரிடம் இருக்க வேண்டும். ரொதாரி இதை நன்கு உணர்ந்திருந்தார்.

வட இத்தாலியிலுள்ள ரெஜ்ஜோ எமிலியா நகராட்சி 1963 முதல் தன் பொறுப்பில் மழலையர் பள்ளிகளை நடத்தி வந்தது. லோரிஸ் மலகுட்சி என்னும் கல்வியாளர் அவற்றை வழிநடத்தினார். 1972 மார்ச்சில் அந்நகர் ரொதாரியை அழைத்தது. மழலையர் பள்ளி, தொடக்கப் பள்ளி, இடைநிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர் ஐந்து நாள்கள் அவரோடு அமர்ந்தனர். தாம் கதை படைக்கும் வழிகளை ஒளிவுமறைவின்றி அவர்கள் முன் வைத்தார் ரொதாரி. அந்த உரையாடல்களிலிருந்து பிறந்ததே 1973இல் வெளிவந்த ‘கற்பனையின் இலக்கணம்’. நூலை அவர் அந்நகருக்கே காணிக்கையாக்கினார். தொழில் மறையைப் பிறருக்குச் சொல்லாத கைவினைஞர் பலர். பட்டறைக் கதவை அகலத் திறந்து வைத்தவர் ரொதாரி.

அவர் காட்டும் வழிகளில் புகழ்பெற்றது ‘இரு சொல் இணைப்பு’. ஒரு பிள்ளை கரும்பலகையின் ஒரு பக்கத்தில் ஒரு சொல்லை எழுதுகிறது. மற்றொரு பிள்ளை, அதைப் பாராமல், மறுபக்கத்தில் வேறொரு சொல்லை எழுதுகிறது. பலகையைத் திருப்பியதும் தொடர்பற்ற இரு சொற்கள் எதிரெதிரே நிற்கின்றன. ரொதாரி தரும் எடுத்துக்காட்டு: நாய், அலமாரி. தனித்து நிற்கையில் இரண்டும் சாதாரணச் சொற்கள். இடையே ஓர் இலக்கண உறவை வைத்தால் கதை பிறக்கிறது. நம் வேற்றுமை உருபுகளைக் கொண்டே இதைச் செய்து பார்க்கலாம். அலமாரியில் நாய்: யார் அதை உள்ளே பூட்டினார்? அலமாரியோடு நாய்: அது எங்கே குடிபெயர்கிறது? நாயின் அலமாரி: அதற்குள் என்னென்ன உடைகள்? நாய்க்கு அலமாரி: யார் வாங்கித் தந்தார்? மனப்பாடம் செய்து மறக்கும் வேற்றுமை அட்டவணை, கதைகளின் திறவுகோலாகிவிடுகிறது. ‘இலக்கணம்’ என அவர் தம் நூலுக்குப் பெயரிட்டதன் பொருத்தமும் இங்கே விளங்கும்.

பழங்கதையைப் புதிய சொல்லால் கலைப்பது மற்றொரு வழி. சிறுமி, காடு, பூக்கள், ஓநாய், பாட்டி என்னும் சொற்களைத் தந்தால் பிள்ளைகள் அறிந்த கதையையே சொல்லுவார்கள். அவற்றோடு ஹெலிகாப்டர் என்னும் ஆறாவது சொல்லைச் சேர்த்துவிட்டால் அறிந்த பாதை அடைபடுகிறது. பிள்ளை தானே வழி தேட வேண்டியதாகிறது. கண்டுபிடிக்கப் பழகாத உள்ளம் மாற்றத்துக்கு அஞ்சும் என்பது ரொதாரியின் கவலை. கற்பனையைக் கலைஞரின் தனியுரிமையாக அவர் கருதவில்லை. இருப்பதை ஏற்றுக்கொண்டு அடங்கிப் போகாத மனிதருக்குத் தேவையான ஆற்றலாகவே அதைக் கண்டார்.

பெற்றோரையும் அவர் விட்டுவிடவில்லை. 1968 முதல் 1977 வரை ‘பெற்றோர் இதழ்’ என்னும் ஏட்டை அவரே நடத்தினார். பிள்ளைகள் வாசிப்பை வெறுக்கக் கற்பிப்பதற்கு ஒன்பது வழிகள் என்னும் பொருளில் 1964இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் கூர்மை குன்றாதது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக நூலைத் திணிப்பது, அந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு படித்தார்கள் எனச் சொல்லிக் காட்டுவது, நூலைத் தேர்வுக்கும் பயிற்சிக்கும் உரிய வதைக்கருவியாக்குவது, தாம் வாசித்துக் காட்ட மறுப்பது, படி என ஆணையிடுவது முதலியன அவ்வழிகளுள் அடங்கும். நன்மையெனக் கருதிப் பெரியவர் செய்பவற்றையே அவர் பட்டியலிட்டிருப்பது சிந்திக்கத் தக்கது.

பார்பியானா எழுப்பும் வினா

இங்கே ரொதாரியை மற்றொருவரோடு ஒப்பிடுவது தகும். தொஸ்கானா மலைப்பகுதியில் பார்பியானா என்னும் சிற்றூருக்கு 1954இல் அனுப்பப்பட்ட அருள்பணியாளர் லொரேன்சோ மிலானி, அங்கிருந்த உழவர் பிள்ளைகளுக்கெனப் பள்ளி நடத்தினார். அவர் எழுதிய ‘மேய்ப்புப்பணி அனுபவங்கள்’ 1958இல் வெளிவந்து, அதே ஆண்டு உரோமைப் பேராயத்தின் ஆணையால் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. 1967இல் அவருடைய மாணவர் எண்மர் ‘ஓர் ஆசிரியைக்கு மடல்’ என்னும் நூலை வெளியிட்டனர். ஏழைப் பிள்ளைகளைத் தேர்வில் தவறச் செய்து வெளியே தள்ளும் பள்ளியை அம்மடல் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அடுத்த மாதமே, 1967 சூன் 26 அன்று, மிலானி இறந்தார். 2017 சூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்குச் சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

மிலானியும் ரொதாரியும் எதிரெதிர் அணியினர். ஆயினும் இருவர் நோக்கமும் ஒன்றை ஒன்று தொட்டது. சொல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் உரிமையும் இருக்கிறது. ஆகவே ஏழைப் பிள்ளைக்குச் சொல்லைக் கொடுக்க வேண்டும் என இருவரும் கண்டனர். கூட்டாக எழுதும் பழக்கமும் இருவருக்கும் பொது. பார்பியானா மாணவர் தத்தம் கருத்துகளைச் சிறு தாள்களில் குறித்து, ஒன்று சேர்த்து, வரிசைப்படுத்தி, வேண்டாதவற்றை நீக்கி எழுதினர். 1963இல் அங்கே வந்து சென்ற மாரியோ லோதி என்னும் தொடக்கப் பள்ளி ஆசிரியரோடு நிகழ்ந்த தொடர்பு அம்முறைக்கு வித்திட்டது. லோதியோ ரொதாரியின் நூல்களை வரவேற்ற கூட்டுறவுக் கல்வி இயக்கத்தைச் சேர்ந்தவர். எதிரணிகள் என நாம் எண்ணியவற்றுக்கிடையே ஆசிரியர் ஒருவர் பாலமாக இருந்திருக்கிறார்.

எனினும் வேறுபாடும் பெரிது. பார்பியானாவில் விளையாட்டு நேரம் கிடையாது, விடுமுறையும் கிடையாது. இழந்த நூற்றாண்டுகளை ஈடுசெய்ய வேண்டிய ஏழைக்கு விளையாட நேரமில்லை என்பது மிலானியின் உறுதி. வெங்காயமும் கேக்கும் அலமாரி நாயும் வயிறு நிறைந்த பிள்ளையின் பொழுதுபோக்கல்லவா என அவர் தரப்பிலிருந்து கேட்கலாம். எளிதில் ஒதுக்க முடியாத கேள்வி இது. பிள்ளையின் மதிப்பெண்ணை நம்பியே எதிர்காலத்தைக் கணக்கிடும் குடும்பங்களும், அவர்களுக்குத் தொண்டாற்றும் பள்ளிகளும் இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கின்றன.

விடை துருல்லோவில் இருக்கிறது. ரொதாரியின் விளையாட்டு செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் வரவேற்பறையில் தோன்றவில்லை. அவ்விளையாட்டுக்கு விலையுயர்ந்த பொம்மை வேண்டியதில்லை, நூலகம்கூட வேண்டியதில்லை. இரண்டு சொற்கள் போதும். மிக எளிய வீட்டுப் பிள்ளையிடமும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. மேலும், வீட்டில் பேசும் சொல்லுக்கு மதிப்பில்லை எனப் பள்ளியில் நாணப் பழகிய பிள்ளைக்கு, தன் சொல்லைக் கரும்பலகையில் எழுதி அதிலிருந்து கதை எழுவதைக் காண்பது சிறு செயலன்று. மிலானி அப்பிள்ளைக்கு வாதிடக் கற்பித்தார். ரொதாரி, உலகம் இப்போதிருப்பது போலன்றி வேறாகவும் இருக்கக்கூடும் என எண்ணக் கற்பித்தார். முன்னது இன்றிப் பின்னது வெறும் கனவாகும். பின்னது இன்றி முன்னது வெறும் முறையீடாகும்.

முடிவாக

ரொதாரியின் முறைக்கு உள்ள ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ‘கற்பனையின் இலக்கணம்’ எளிதில் சமையற் குறிப்பாகிவிடக் கூடியது. வாரம் ஒரு நாள், மணியடித்ததும் இரு சொற்களை எழுதிக் கதை கட்டி மதிப்பெண் வாங்கச் சொன்னால், அதுவும் கட்டுரைப் பயிற்சியின் மற்றொரு பெயரே. நூலின் உயிர் அதன் உத்திகளில் இல்லை. பிள்ளை சொல்வதை உண்மையாகவே கேட்க விரும்பும் ஆசிரியரிடமே அவ்வுயிர் இருக்கிறது. அத்தகைய ஆசிரியருக்கு இந்நூல் பெருஞ்செல்வம். மற்றவர்க்கு மேலும் ஒரு பாடத்திட்டம்.

ரொதாரி 1980 ஏப்ரல் 14 அன்று உரோமையில் காலமானார். ஒருகாலத்தில் பங்குகளில் ஐயத்தோடு பேசப்பட்ட அவருடைய பாடல்களும் கதைகளும் இத்தாலியத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் நாவில் பழகியவையாயின. காலம் அவருக்குச் சான்று கூறிவிட்டது என இதைக் கொண்டு நாம் முடிவு கட்ட வேண்டியதில்லை. புகழ் தரத்துக்குச் சான்றாகாது. நாம் வைத்த அளவுகோல் வேறு: நூல் குழந்தையைத் தன் ஆசிரியருக்குக் கீழ்ப்படிய வைக்கிறதா, அல்லது பேச வைக்கிறதா? அவ்வளவுகோலில் இளமைக்கால ரொதாரி பாதியே தேறுகிறார். துருல்லோவின் ரொதாரியும் ரெஜ்ஜோ எமிலியாவின் ரொதாரியும் முழுமையாகத் தேறுகின்றனர்.

அதே அளவுகோலை நாம் விரும்பும் எழுத்தாளர் மீதும் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கென நாம் தேர்ந்து கொடுக்கும் நூல்களில் நற்கருத்துகள் நிறைந்திருக்கலாம். அக்கருத்துகளைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகும் பிள்ளை எதைப் பெற்றது? கரும்பலகையின் ஒரு பக்கத்தில் நாம் நமக்கு உகந்த சொல்லை எழுதியிருக்கிறோம். மறுபக்கத்தில் எழுதுவதற்குச் சுண்ணக்கட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறோமா என்பதே பெற்றோரும் ஆசிரியரும் மறைக்கல்வி புகட்டுவோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.